பங்காளிகள் எழுதிய பத்திரம்

(நமது சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, இந்த வருஷம் நீங்கதான் பேசணும், இருபது நிமிஷம்" என்றார். "என்னப்பா பேசுறது? நான் என்ன விஞ்ஞானியா, கலெக்டரா?" என்று கேட்டேன். "உங்க அனுபவத்தைப் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். என் அனுபவம் என்ன? 31 வருஷம் பதிவுத்துறையில் குப்பை கொட்டினேன். அதில் பாதிக்கு மேல் சார்பதிவாளர் நாற்காலி. கிரயம், அடமானம், செட்டில்மெண்ட், விடுதலை, பாகப் பிரிவினை என்று எத்தனை ஆயிரம் பத்திரம் என் கையெழுத்தோடு போயிருக்கும் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஆகவே இன்றைக்கும் ஒரு பத்திரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அது நம் ஊர்ப் பத்திரம் இல்லை. ஜெர்மனியில் 1765-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதியிட்ட பத்திரம். கடைசியில் என் சொந்த வீட்டுப் பத்திரம் ஒன்றும் வரும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது முழுமையாகும்.

இங்கே 1972 முதல் 75 வரை பி.ஏ. வரலாறு படித்தவன் நான். ஐரோப்பிய வரலாறு எடுத்த நம் பேராசிரியர் சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டி, "இதுதான் அந்தக் கால ஜெர்மனி. பாட்டி தைத்த ஒட்டுப் போர்வை மாதிரி இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ராஜா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பரீட்சைக்கு பிஸ்மார்க் வந்தால் போதும் என்று நாங்களும் அந்தத் துண்டுகளைக் கண்டுகொள்ளவில்லை. ரிட்டையர் ஆன பிறகு, கார்ல்ஸ்ரூ என்ற ஊரில் வேலை பார்க்கும் என் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கினேன். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை எனக்கு ஊர் சுற்றுவதுதான் வேலை. அப்போதுதான் அந்த ஒட்டுப் போர்வையின் ஒரு துண்டு எனக்குக் கண்ணில் பட்டது. அதன் பெயர் பாடன்.

ரைன் நதியின் கிழக்குக் கரையில், கருங்காடு என்று சொல்லும் மலைப் பகுதியை ஒட்டிக் கிடக்கிற பூமி அது. அதை ஆண்டவர்களுக்கு மார்க்கிரேவ் என்று பட்டம். பேரரசருக்குக் கட்டுப்பட்ட குறுநில மன்னர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500-ஐ ஒட்டிய காலத்தில் அங்கே முதலாம் கிறிஸ்டோஃப் என்று ஒரு மார்க்கிரேவ் இருந்தார். அவருக்குப் பதினைந்து பிள்ளைகள். ஹான்ஸ் பால்டுங் என்ற ஓவியர் அந்தக் குடும்பத்தை அப்படியே ஒரு பலகையில் வரைந்திருக்கிறார். அப்பா பின்னால் மகன்கள், அம்மா பின்னால் மகள்கள், எல்லோரும் கை கூப்பி முழங்கால் போட்டிருக்கிறார்கள். பார்த்தால் அவ்வளவு ஒற்றுமை! நம் ஊரில் கல்யாண வீட்டில் எடுத்த குரூப் போட்டோ மாதிரி. போட்டோவில் எல்லோரும் ஒற்றுமைதான்.

கிறிஸ்டோஃப், நாட்டைத் துண்டாக்காமல் ஒரே மகனிடம் கொடுக்க ஆசைப்பட்டார். மற்ற மகன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் 1527-ல் இறந்தார். 1535-ல் பெர்ன்ஹார்ட், எர்ன்ஸ்ட் என்ற இரண்டு அண்ணன் தம்பிகள் நாட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பாகத்துக்குப் பாடன்-பாடன் என்று பெயர். இன்னொன்று, பிற்பாடு தலைநகரான டுர்லாக் ஊரின் பெயரால் பாடன்-டுர்லாக் என்று ஆயிற்று.

பிரிவினை எப்படி இருந்தது தெரியுமா? டுர்லாக்காரர்களின் பாகம் வடக்கே ஒரு கட்டு, தெற்கே ஒரு கட்டு. நடுவில் பங்காளியின் பூமியும், வேறு பலருடைய பூமியும். ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குப் போகவேண்டுமானால் அடுத்தவன் வரப்பில் நடக்க வேண்டும். இந்த மாதிரிப் பிரிவினையை நான் எத்தனை பார்த்திருக்கிறேன்! "கிணறு உனக்கு, வாய்க்கால் எனக்கு" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். பதிவு செய்யும்போதே தெரியும், இது கோர்ட்டுக்குப் போகும் என்று.

வரப்புத் தகராறோடு போயிருந்தால் பரவாயில்லை. மதமும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் ஒரு விதி: மன்னன் எந்த மார்க்கமோ, குடிமக்களும் அதே மார்க்கம். 1555-ல் ஆக்ஸ்பர்க் நகரில் செய்த உடன்படிக்கை அதைச் சட்டமாகவே ஆக்கியது. டுர்லாக் பாகம் 1556-ல் லூத்தரின் புராட்டஸ்டண்ட் வழிக்குப் போனது. பாடன்-பாடன் பாகம் கொஞ்ச காலம் அங்கும் இங்குமாக ஆடிவிட்டு, 1570-களில் கத்தோலிக்கமாக்கப்பட்டது. 1594-ல் கத்தோலிக்க மார்க்கிரேவ் கடனில் மூழ்கிக் கிடந்தபோது, டுர்லாக் பங்காளி படையோடு வந்து அவர் பாகத்தைப் பிடித்துக்கொண்டார். 28 வருஷம் வைத்திருந்தார்கள். 1622-ல் விம்ஃபென் என்ற இடத்தில் டுர்லாக் மார்க்கிரேவ் போரில் தோற்றார். பாகம் திரும்பக் கத்தோலிக்கப் பங்காளிக்கு வந்தது. அடுத்த பத்து வருஷத்தில் ஸ்வீடன் படை வந்ததும் நிலைமை மறுபடி மாறியது. அவர்கள் 1634-ல் தோற்றதும் இன்னொரு தரம் மாறியது.

ஒரு சாதாரணக் குடியானவனை நினைத்துப் பாருங்கள். தாத்தா ஒரு மார்க்கம், அப்பா ஒரு மார்க்கம், இவனுக்கு மறுபடி வேறு. கோயில் அதேதான், உள்ளே நிற்கிற பாதிரியார் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார். யார் நம்மை ஆளுவது என்று பெரிய வீட்டில் பங்காளிச் சண்டை நடந்தால், அதற்கு விலை கொடுப்பது இவன்தான். அவனை யாரும் கையெழுத்துக்குக் கூப்பிடவில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1689-ல் பிரெஞ்சுப் படைகள் வந்து இரண்டு பங்காளிகளின் ஊர்களையும் பாரபட்சமில்லாமல் கொளுத்தின. பாடன்-பாடனும் எரிந்தது, டுர்லாக்கும் எரிந்தது. அதன்பின் இருவரும் புது அரண்மனை கட்டினார்கள். கத்தோலிக்கக் கிளையில் துருக்கியரோடு போரிட்டுப் பெயர் வாங்கிய லுட்விக் வில்ஹெல்ம், ராஸ்டாட் என்ற ஊரில் பிரமாண்டமாக ஒன்று கட்டினார். டுர்லாக் கிளை 1715-ல் காட்டுக்கு நடுவில் கார்ல்ஸ்ரூ என்ற புதிய நகரத்தை உண்டாக்கியது. அரண்மனையை மையமாக வைத்து வீதிகள் விசிறி மாதிரி விரியும். என் மகள் வீடு அதில் ஒரு வீதியில்தான். ராஸ்டாட் அங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். இவ்வளவு பக்கத்தில் இரண்டு பங்காளி அரண்மனைகள்!

இனிமேல்தான் பத்திரம் வருகிறது. லுட்விக் வில்ஹெல்முக்குப் பிள்ளைகள் பலர் பிறந்தும், பெரும்பாலோர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். பட்டத்துக்கு மிஞ்சியவர்கள் இரண்டு மகன்கள். மூத்தவர் லுட்விக் கெயோர்க் 1761-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். இளையவர் அவுகுஸ்ட் கெயோர்க், திருச்சபைப் பதவியில் இருந்தவர். வம்சம் நிற்கவேண்டும் என்பதற்காகப் போப்பாண்டவரிடம் அனுமதி வாங்கி, 1735-ல் மரியா விக்டோரியா என்ற பெண்ணை மணந்தார். குழந்தை இல்லை. அண்ணனுக்குப் பின் இவர் பட்டத்துக்கு வந்தபோது வயது 55. தனக்குப் பின் ஒருவரும் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் கார்ல்ஸ்ரூவில் டுர்லாக் கிளையின் கார்ல் ஃபிரீட்ரிக். 36 வயது, மூன்று மகன்கள், சுறுசுறுப்பான நிர்வாகி. ஆனால் புராட்டஸ்டண்ட்.

"ஒரே வம்சம்தானே, தானாகவே பங்காளிக்குப் போய்விடாதா? பத்திரம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கேட்கமாட்டீர்கள். 230 வருஷத்தில் சொத்து எப்படியெல்லாம் சேர்ந்திருக்கும்! பூர்வீக பூமி ஒரு கணக்கு. பேரரசரிடமிருந்து மானியமாக வந்தது ஒரு கணக்கு. தாய் வழியில் போஹீமியாவில் வந்தது இன்னொரு கணக்கு. அண்ணனுக்கு ஒரு மகள் வேறு இருந்தாள். அதற்கு மேல் கடன். அதற்கும் மேல், கத்தோலிக்க மக்கள் ஒரு புராட்டஸ்டண்டின் கையில் போவதா என்று கேட்கப் பெரிய இடங்கள் இருந்தன. வாரிசு இல்லாத சொத்தைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் அதற்கு ராணுவமும் வைத்திருந்தார்கள். அந்த நூற்றாண்டில் வாரிசுச் சண்டை என்ற பேரிலேயே பெரிய பெரிய யுத்தங்கள் நடந்திருக்கின்றன.

அவுகுஸ்ட் கெயோர்க் அதைச் செத்த பிறகு நடக்கட்டும் என்று விடவில்லை. உயிரோடு இருக்கும்போதே பங்காளியைக் கூப்பிட்டுப் பேசினார். 1765-ல் இருவரும் வாரிசு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தனக்குப் பின் பாடன்-பாடன் பாகம் கார்ல் ஃபிரீட்ரிக்குக்கு. கடனும் சேர்த்துத்தான், சொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடனை விட முடியாது. இதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் வரும். அதில் வராதது ஒன்று இருந்தது. கத்தோலிக்கக் குடிமக்கள் தங்கள் மார்க்கத்திலேயே இருக்கலாம், அவர்கள் வழிபாட்டில் கை வைக்கக்கூடாது என்று எழுதி வாங்கினார்.

கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். பாதுகாப்பு கேட்டு எழுதியது, கையெழுத்துப் போடாத பல்லாயிரம் பேருக்காக. 1648-ல் செய்த பெரிய சமாதான உடன்படிக்கையில் மார்க்க உரிமைக்கு ஓரளவு சட்டப் பாதுகாப்பு ஏற்கெனவே இருந்தது. இருந்தாலும் அந்தக் கிழவர் அதை நம்பிச் சும்மா இருக்கவில்லை. 1594-ல் என்ன நடந்தது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

1771 அக்டோபர் 21-ஆம் தேதி அவுகுஸ்ட் கெயோர்க் இறந்தார். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. 236 வருஷத்துக்குப் பிறகு இரண்டு பாகமும் ஒன்றாயின. எல்லாமே வந்துவிடவில்லை. ஒர்டெனாவ் என்ற பகுதி ஆஸ்திரியா கொடுத்த மானியம். ஆண் வாரிசு அற்றதும் அது திரும்ப ஆஸ்திரியாவுக்கே போச்சு. பத்திரத்தால் கொடுக்க முடிந்ததைத்தானே கொடுக்க முடியும்!

நல்லதை மட்டும் சொல்லி முடித்தால் நான் பதிவுத்துறை ஆள் இல்லை. வில்லங்கத்தையும் சொல்ல வேண்டும். ராஸ்டாட் தலைநகர் என்ற அந்தஸ்தை இழந்தது. அரண்மனையை நம்பிப் பிழைத்த ஊருக்கு அது எப்பேர்ப்பட்ட அடி! கத்தோலிக்க மக்களுக்கும் பயம் போகவில்லை. புது மன்னர் வாக்கைக் காப்பாற்றவில்லை என்று சொல்லி வியன்னாவில் பேரரசரின் நீதிமன்றத்துக்கு வழக்குப் போட்டார்கள். விதவையான மரியா விக்டோரியா அவர்கள் பக்கம் நின்றார். பல வருஷம் இழுத்து, கடைசியில் தள்ளுபடியாயிற்று. ஜெயித்தவர் மன்னர்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் வழக்குப் போட முடிந்ததே, கையில் காட்ட ஒரு தாள் இருந்ததால்தான். 1594-ல் அவர்கள் பாட்டன்மார் கையில் அந்த மாதிரி ஒன்றும் இல்லை.

கார்ல் ஃபிரீட்ரிக் 1783-ல், பிரெஞ்சுப் புரட்சிக்கு ஆறு வருஷம் முன்பே, தன் நாட்டில் பண்ணை அடிமை முறையை ஒழித்தார். ஒழித்தது டுர்லாக் பாகத்துக்கு மட்டும் என்று இல்லை, வந்து சேர்ந்த பாகத்துக்கும் சேர்த்து. பிற்பாடு நெப்போலியன் காலத்தில் நாடு பல மடங்கு பெருத்து, 1806-ல் அவர் கிராண்ட் டியூக் ஆனார். 1811-ல் இறந்தார்.

பாடன்-பாடன் ஊருக்குப் போனபோது லிக்டென்டால் என்ற கன்னியர் மடத்தைப் பார்த்தேன். 1245-ல் ஸ்தாபித்தது. 1803-ஐ ஒட்டி ஜெர்மனி முழுவதும் மன்னர்கள் மடங்களைக் கலைத்துச் சொத்தை எடுத்துக்கொண்ட நேரத்தில், புராட்டஸ்டண்ட் கார்ல் ஃபிரீட்ரிக் நாட்டில் இருந்த இந்த மடம் தப்பியது. அவருடைய முன்னோர்கள் பலர் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். இன்றைக்கும் கன்னியர் அங்கே இருக்கிறார்கள். நான் போன நேரம் உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பாஷை புரியாமல் வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு என் அத்தை ஞாபகம் வந்தது.

இனி என் வீட்டுக் கதை. எங்கள் அப்பாவுக்கு ஒரு தங்கை. பதினெட்டு வயதில் தாலி அறுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவர். பின்கட்டில் ஒரு அறை, வாசலில் ஒரு முருங்கை மரம். என்னையும் தம்பியையும் தூக்கி வளர்த்தது அத்தைதான். நான் இந்தக் கல்லூரிக்கு வரும்போது தகரப் பெட்டியில் முறுக்கு வைத்துக் கட்டிக் கொடுத்தது அந்தக் கைதான். ஹாஸ்டலில் அதைச் சாப்பிட்டவர்கள் இந்த ஹாலிலேயே நாலு பேர் இருக்கிறீர்கள்.

அப்பா போன பிறகு 1988-ல் நானும் தம்பியும் பாகம் பிரித்தோம். எந்தச் சண்டையும் இல்லை. பத்திர எழுத்தருக்கு வேலையே வைக்காமல் வரி வரியாக நானே சொல்லி எழுத வைத்தேன். நான்கெல்லை, அடிக்கணக்கு, பாதை உரிமை, கிணற்று முறை, கரண்ட் கனெக்ஷன் வரைக்கும் ஒன்று விடவில்லை. முன்கட்டு எனக்கு, பின்கட்டு தம்பிக்கு. ஆபீஸில் எல்லோரும், "சார், மாடல் டாக்குமெண்ட் சார் இது" என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

பத்து வருஷம் கழித்துத் தம்பிக்கு வியாபாரத்தில் நஷ்டம். பின்கட்டை விற்றான். வாங்கியவர் முறையாகக் கிரயம் வாங்கியவர். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. இடித்துக் கட்ட வந்தார். அத்தை எங்கே போவார்? நான் கோபத்தோடு தம்பியிடம் போய், "ஏன்டா, அத்தை இருக்கிறது உனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். அவன் தலை நிமிராமல் சொன்னான்: "அண்ணே, பத்திரம் நீங்கதானே எழுதினீங்க? அதுல அத்தை எங்கண்ணே இருக்காங்க?"

இல்லை. எடுத்துப் பார்த்தேன், இல்லை. கரண்ட் கனெக்ஷன் இருந்தது. முருங்கை மரம்கூட இருந்தது. "ஆயுட்காலம் வரை குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரே ஒரு வரி. மற்றவர்கள் பத்திரத்தில் அந்த வரியை எத்தனை தடவை படித்து முத்திரை போட்டிருக்கிறேன்! என் வீட்டுப் பத்திரத்தில் எழுதத் தோன்றவில்லை. அத்தை கையெழுத்துப் போட வேண்டிய ஆள் இல்லை, அதனால் என் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்கட்டை நான் ஏற்கெனவே வாடகைக்கு விட்டிருந்தேன். அத்தையை நான் வேலை பார்த்த ஊருக்கு அழைத்துப் போனேன். மாடி வீடு. இரண்டு வருஷம் இருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "முருங்கை காய்ச்சிருக்கும்ல இப்போ?" என்று மட்டும் அவ்வப்போது கேட்பார். வெட்டியாச்சு என்று கடைசிவரை நான் சொல்லவில்லை.

தம்பியும் நானும் பல வருஷம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஜெர்மனியிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக அவன் வீட்டுக்குப் போனேன். "தப்பு என் பேரில்தான்டா" என்றேன். அவன், "விடுங்கண்ணே, சாப்பிடுங்க" என்றான். அவ்வளவுதான் நடந்தது. அதுவே எனக்குப் பெரிசு.

நண்பர்களே, நாம் எல்லோரும் பத்திரம் எழுதும் வயசுக்கு வந்துவிட்டோம். இங்கே வந்திருக்கும் எங்கள் செட்டில் எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. நான் உங்களிடம் கேட்பது இரண்டே இரண்டு. ஒன்று, எழுதுவதை உயிரோடு இருக்கும்போது, கூட இருப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி எழுதுங்கள். அந்த மார்க்கிரேவ் கடைசி ஆறு வருஷம் நிம்மதியாக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டு, எழுதி முடித்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வீட்டைச் சுற்றிப் பாருங்கள். உங்கள் நிழலில் இருக்கிறவர்கள் யார்? பின்கட்டில் அத்தை இருக்கலாம், முப்பது வருஷமாக வேலை செய்யும் அம்மா இருக்கலாம், கல்யாணமாகாத தங்கை இருக்கலாம். அவர்கள் பெயருக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுதினாலும் வழக்கு வரலாம், பாடனில் வந்த மாதிரி. ஆனால் அவர்கள் கையில் காட்ட ஒரு தாள் இருக்கும்.

 மத்தியானச் சாப்பாட்டில் முருங்கைக்காய் சாம்பார் என்று செயலாளர் சொன்னார். எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வணக்கம்.